பச்சைத்தண்ணியும் சூடான பானெட்டும்

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிடுபவர்கள் உலகத்தில் இரண்டே பேர்: வங்கிக்காரர், பல் மருத்துவர். மற்ற எல்லோருக்கும் அவர் பச்சைத்தண்ணி. போனை எடுத்ததும் அவர் பேசும் முதல் பேச்சிலிருந்து பிய்த்து எடுத்த பெயர் அது. "நான் வந்து தொடுற வரைக்கும் வண்டி பச்சத்தண்ணியா இருக்கணும். யாரும் சாவியைத் தொடக் கூடாது." வணக்கம்கூட இதற்கு அப்புறம்தான்.

பழைய இன்ஜெக்‌ஷன் கார்களுக்கு வரும் ஒரு வியாதிக்கு அவர் வைத்தியர். நல்ல வண்டி என்றால் விடியற்காலைக் குளிரில் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் தானாகவே கொஞ்சம் உரக்க ஓடும், தூக்கம் கலைந்த மனுஷன் முணுமுணுப்பது மாதிரி. ஐந்து நிமிடத்தில் உடம்பு சூடேறியதும் குரலைத் தாழ்த்திக்கொள்ளும். வியாதி பிடித்த வண்டியோ பற்றிக்கொள்ளும், நடுங்கும், பொட்டென்று அணைந்துபோகும். மறுபடி திருப்பினால் மறுபடி அதே கதை. எப்படியோ சூடேறிவிட்டால் அதைப்போல உத்தமி கிடையாது. ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிக்கொண்டு போனால், மாமனார் வீட்டுக்கு முதல் தடவை வந்த மாப்பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். ராத்திரி முழுக்க ஆறினால்தான் சுயரூபம் திரும்பும். ஆக, அந்த வியாதியை ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவைதான் நேரில் பார்க்க முடியும். தவறவிட்டால் நாளை.

பதினான்கு வருஷம் பெரிய கம்பெனி ஒர்க்‌ஷாப் ஒன்றில் வேலை பார்த்தார். கண்ணாடிச் சுவர், காபி இயந்திரம், காத்திருப்போருக்கு மெத்தை நாற்காலி, எல்லாம் உண்டு. எல்லா வண்டியும் அங்கே சூடாகத்தான் வந்து சேரும். அதனால் 'குறை எதுவும் காணப்படவில்லை' என்று ஒரு ரப்பர் முத்திரை செய்து வைத்திருந்தார்கள். ஒரே மனிதருடைய வண்டிக்கு ஏழு தடவை அந்த முத்திரையைக் குத்தினார். எட்டாவது தடவை, "சார், விடியற்காலையில இவர் வீட்டுக்கே போய்ப் பார்த்துட்டு வரேனே" என்றார். "நாம என்ன பால்காரங்களா?" என்றார் சூப்பர்வைசர். அன்றைக்கே கருவிப் பெட்டியை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

அதிலிருந்து இரவு எட்டு மணிக்குத் தூக்கம், நாலு மணிக்கு விழிப்பு, ஐந்தே முக்காலுக்கு யாரோ ஒருவர் வீட்டு வாசல். "ஊரே தூங்கும்போது அடுத்தவன் வண்டிப் பக்கத்துல பதுங்கி நிக்கிறவங்க ரெண்டே பேர்தான். திருடன் ஒருத்தன், நீங்க ஒருத்தர். அவனாவது ஏதாவது கொண்டு வருவான்" என்பது அவர் மனைவியின் தினசரி வாழ்த்து.

இந்தத் தொழிலில் வேண்டாத வரும்படி ஒன்று உண்டு: அடுத்தவர் வீட்டு ரகசியம். யாரும் தொடவில்லை என்று சத்தியம் செய்யப்பட்ட வண்டியின் பானெட்டைத் திறந்து, தண்ணீர் போகும் ரப்பர் குழாயில் புறங்கையை வைப்பார். குழாய் சுட்டால், யாரோ எங்கேயோ போய்வந்திருக்கிறார். அலுவலகத்தில் இருந்ததாகச் சொன்னவர், தூங்கிக்கொண்டிருந்ததாகச் சொன்ன மகன், எல்லோரும் புறங்கையில் மாட்டியிருக்கிறார்கள். அவர் மூச்சு விடமாட்டார். "பானெட்டுக்குக் கீழ பார்த்ததை மேல பேசறதில்ல" என்பது அவருடைய சட்டம். அந்தச் சட்டம் ஆட்டம் கண்ட வாரத்தைப் பற்றித்தான் இந்தக் கதை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. ரத்தப் பரிசோதனைக்கூடம் ஒன்றில் கண்ணாடிக் குழாய் கழுவுகிற அம்மாள். வயது நாற்பத்தைந்து. லேப்காரம்மா என்றே வைத்துக்கொள்வோம்.

"அண்ணா, உங்களை ஒண்ணு கேக்கணும். ஒரு வண்டி அணைஞ்சுபோனா, அது வண்டியா, ஓட்டறவங்க காலான்னு உங்களால சொல்ல முடியுமா?"

இருபது வருஷத்தில் அவரிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை.

விஷயம் இதுதான். அவள் வேலை செய்யும் இடத்தில் ஒரு பதவி காலியாகியிருந்தது. ஊர் முழுக்கக் கிளினிக் கிளினிக்காகப் போய் ரத்தக் குழாய்களைச் சேகரித்து வரும் வேலை. பதினொரு வருஷம் தொட்டிக்கு முன்னால் நின்று விரல் வெளுத்துப்போனவளுக்கு அது சிம்மாசனம். சொந்த வண்டி வேண்டும், இருந்தது. உரிமம் வேண்டும், இல்லை. இரண்டு தடவை தேர்வுக்குப் போய், இரண்டு தடவையும் மைதானத்தில் வண்டியை அணைத்துவிட்டுத் தலை குனிந்து வந்திருந்தாள். மூன்றாவது தேர்வு வருகிற வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு. அதிலும் தோற்றால் அடுத்த வாய்ப்புக்கு ஒரு வருஷம் ஆகும். மேலாளர் பதவியைச் சனிக்கிழமை வரைதான் பிடித்து வைத்திருப்பேன் என்று சொல்லிவிட்டார்.

"வீட்டுல ஓட்டும்போது ஒரு தடவைகூட அணைஞ்சதில்ல அண்ணா. மைதானத்துக்குப் போனா அணைஞ்சுடுது. பயம்ங்கறாங்க. எங்க வீட்டுக்காரர், உன் காலுக்கு நிதானம் போதாதுங்கறார்."

அந்த வீட்டுக்காரர் முப்பது வருஷம் ஓர் அலுவலகத்தின் பெரிய அதிகாரிகளுக்குக் காரோட்டியவர். ஒரு கீறல் கிடையாது. ஆறு மாதம் முன்பு கண் மருத்துவர், பார்வையின் இடப்பக்கம் ஓரமாக அழிந்துகொண்டே வருகிறது என்று கண்டுபிடித்து, கடிதம் எழுதி உரிமத்தை வாங்கி வைத்துவிட்டார். முப்பது வருஷம் ஓட்டியவர் காலைக் குறை சொன்னால், கழுவுகிறவள் யாரிடம் மேல்முறையீடு செய்வாள்? ஹாலில் நாற்காலி போட்டு, சுவரோரம் இரண்டு பழைய செருப்புகளைச் சாய்த்து வைத்து, ஒன்றை கிளட்ச் என்றும் இன்னொன்றை ஆக்ஸிலேட்டர் என்றும் பாவித்து, தினம் இரவு அரைமணி நேரம் மிதித்துப் பழகி, படுக்கும்முன் காலுக்கு மசாஜும் செய்துகொண்டாள்.

பச்சைத்தண்ணி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மைதானத்துல வண்டி எப்ப வந்து நிக்கும்?"

"முந்தின நாள் சாயங்காலமே கொண்டுபோய் விட்டுடணும்."

சொந்த வண்டியில் ஓட்டிக்காட்டுபவர்களுக்கு அப்படி ஒரு விதி. கடைசி நிமிஷத்தில் வேறு வண்டியை மாற்றிக் கொண்டுவரும் கில்லாடிகளைப் பிடிக்கப் போட்டது. கில்லாடிகள் பிடிபட்டார்களோ இல்லையோ, ஒவ்வொரு தேர்வு நாளும் மைதானத்தில் ஒரு வரிசை வண்டிகள் ராத்திரி முழுக்க ஆறிப் பச்சைத்தண்ணியாக நின்றன.

அவர் மனதில் மணி அடித்தது. வீட்டில் ஓட்டும்போது யாரோ சூடாக்கிக் கொடுக்கிறார்கள். மைதானத்தில் யாரும் கொடுப்பதில்லை. ஒருவேளை இது கால் இல்லை. ஆனால் ஒருவேளை என்பதை வைத்து ஒரு திருகுகூடக் கழற்ற முடியாது. நேரில் பார்க்க வேண்டும். கையில் நான்கு விடியல்.

திங்கட்கிழமை ஐந்தே முக்கால். அந்தச் சந்துக்குள் கார் நுழையாது. சந்து முனையில், வீட்டிலிருந்து இருநூறு அடி தள்ளி, ஒரு தகரக் கொட்டகையில் நிறுத்தி வைத்திருந்தார்கள். பச்சைத்தண்ணி ஸ்கூட்டரை நிறுத்தும்போதே அந்தச் சத்தம் கேட்டுவிட்டது. வண்டி ஓடிக்கொண்டிருந்தது. தேனாக ஓடிக்கொண்டிருந்தது.

"வாங்க வாங்க!" என்று வரவேற்றார் வீட்டுக்காரர். "இவ்வளவு தூரம் வரீங்க, உங்களைக் குளிர்ல நிக்க வைக்கக் கூடாதுன்னு பத்து நிமிஷம் ஓட விட்டு வச்சிருக்கேன். பாருங்க, பூ மாதிரி இருக்கு."

"சார், போன்ல தொடக் கூடாதுன்னு சொல்லியிருந்தேனே."

"சொன்னீங்களாம். அதுக்காக? மரியாதைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

மருத்துவர் வருகிறாரே என்று நோயாளியைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, காய்ச்சலையும் இறக்கி வைக்கும் மரியாதை இது. பச்சைத்தண்ணிக்குப் பழக்கம்தான். பாதி வீடுகளில் முதல் நாள் இப்படித்தான் போகும். பானெட்டைத் திறந்து, லேப்காரம்மாவுக்கு நான்கு இடங்களைக் காட்டினார்.

"இந்த நாலு பேர்ல ஒருத்தன்தான் திருடன். ஆனா சூட்டுல நாலு பேருமே யோக்கியன். பழைய வண்டிம்மா, பிளாஸ்டிக்கெல்லாம் அப்பளமா நொறுங்கும். நாலையும் கழட்டிப் பார்க்கறேன்னு இறங்கினா வெள்ளிக்கிழமை வண்டி கட்டில்லதான் படுத்திருக்கும். எவன்னு தெரிஞ்சு ஒருத்தனைத்தான் கழட்டணும். அதுக்கு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, குளிர்ல அது என்ன பண்ணுதுன்னு பார்த்தாகணும்."

செவ்வாய்க்கிழமை வண்டி அமைதியாக நின்றது. லேப்காரம்மா மட்டும் சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்றாள். "இன்னிக்கு யாரும் தொடல அண்ணா. சாவி ராத்திரி பூரா ஆணியிலதான் தொங்குச்சு. அவரும் வாக்கிங் போயிருக்கார். டாக்டர் சொன்னதிலேருந்து தினம் விடிகாலையில ஒரு மணி நேரம் நடக்கறார். அப்படியே பாலும் வாங்கிட்டு வந்துடுவார்." சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமை.

பச்சைத்தண்ணி குழாயில் புறங்கையை வைத்தார். வெடுக்கென்று எடுத்தார். சுட்டது.

"என்னண்ணா?"

"ஒண்ணுமில்லம்மா. திருப்புங்க."

திருப்பினாள். முதல் பிடியிலேயே பற்றி, மெத்தென்று ஓடியது. அவள் முகம் விழுந்துபோயிற்று. அது நன்றாக ஓட ஓட, குற்றம் அவள் காலுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. "அப்போ கால்தான், இல்லையா அண்ணா?"

"இன்னும் தீர்ப்பு எழுதலம்மா" என்றார். அப்போது சந்து முனையில் வீட்டுக்காரர் பால் பாக்கெட்டுடன் வந்துகொண்டிருந்தார். "என்ன சொல்லுது வண்டி? நான்தான் முதல்லேயே சொன்னேனே, அவ காலுக்கு நிதானம் போதாதுன்னு. என்கிட்ட ஒரு நாளும் அணைஞ்சதில்ல."

பச்சைத்தண்ணி சாவியைக் கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். "பொம்பளையோட கார் சாவி உங்க பையில என்ன பண்ணுது?" என்று அன்றைக்கு அவர் வீட்டில் நடந்த விசாரணை தனி.

புதன்கிழமை சாவியைத் தானே கொண்டுபோனார். லேப்காரம்மா இன்னும் வீட்டிலிருந்து வந்து சேரவில்லை. புறங்கையை வைத்தார். சுட்டது.

சாவி தன் பையில். வண்டி மட்டும் சூடு.  பிறகுதான் இதுவரை பார்க்காததையெல்லாம் பார்க்க ஆரம்பித்தார். லேப்காரம்மா குள்ளம், ஆனால் ஓட்டுநர் இருக்கை கடைசிவரை பின்னால் தள்ளியிருந்தது. இடப்பக்கக் கண்ணாடியின் ஓரத்தில் புதிதாக ஒரு கீறல், ஏதோ ஒரு சுவரின் வெள்ளைப் பூச்சுடன். சந்து முனையில் வீட்டுக்காரர் வந்தார். பச்சைத்தண்ணி வழியிலேயே மறித்து, பால் பாக்கெட்டைத் தொட்டார். ஒரு மணி நேரம் நடந்து வந்தவர் கையில் அது இன்னும் சில்லென்றிருந்தது.

"பால் குளிர்ந்திருக்கு, வண்டி சூடா இருக்கு" என்றார். "தலைகீழா இல்ல இருக்கணும் சார்."

அந்த மனிதர் வீட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். இடது பக்கம் பார்க்க வேண்டியிருந்ததால் கழுத்தை முழுசாகத் திருப்ப வேண்டியிருந்தது.

"ஒரே ஒரு சுத்துதான். தெருவுல நாய்கூட இருக்காது அந்த நேரத்துல."

"நாய் இருந்தாலும் இடப்பக்கம் இருந்தா உங்களுக்குத் தெரியாது சார்."

"முப்பது வருஷம்யா. ஒரு நாள் காலையில ஒருத்தன் காகிதத்துல ஒரு வரி எழுதிட்டா முடிஞ்சு போச்சா? அவகிட்ட சொல்லிடாதீங்க."

"நான் எதையும் யார்கிட்டயும் சொல்றவன் இல்ல. எனக்கு ஒரே ஒரு குளிர் காலை வேணும். நாளைக்கு விட்டா இல்ல. நாளைக்குச் சாயங்காலம் வண்டி மைதானத்துக்குப் போகுது. அந்த அம்மா செருப்பை மிதிச்சுப் பழகிட்டிருக்காங்க சார்."

"தொட மாட்டேன். நாளைக்குத் தொட மாட்டேன், போதுமா?"

அன்று ராத்திரி எட்டு மணிக்குப் படுத்த பச்சைத்தண்ணிக்குத் தூக்கம் வரவில்லை. ஆறு மாதம் ஒருவர் பாதிக் கண்ணுடன் தெருவில் ஓட்டியிருக்கிறார். அது தெரிந்தும் தன் சட்டத்தைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறோம் என்பது உறுத்தியது. மனைவி கேட்டாள், "என்ன, யார் வீட்டு ரகசியம் வயித்துல குத்துது?" அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வியாழக்கிழமை அரைமணி நேரம் முன்னதாகவே, ஐந்தேகாலுக்குக் கொட்டகையில் நின்றார். லேப்காரம்மா அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு வந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில், கையில் பால் பாக்கெட்டுடன், வீட்டுக்காரர். இன்று நிஜமாகவே நடந்துதான் வந்திருக்கிறார் போலிருக்கிறது. பச்சைத்தண்ணிக்கு உயிர் வந்தது. பானெட்டைத் திறந்து, கிட்டத்தட்ட பிரியத்துடன், குழாயில் புறங்கையை வைத்தார்.

சுட்டது. நன்றாகச் சுட்டது. இப்போதுதான் வந்து நின்றிருக்கிறது.

நிமிர்ந்து பார்த்தார். வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்று சாயங்காலம் போகிற வண்டி நாளை அவளுடையதாகிவிடும். கடைசியாக ஒரு சுற்று போய்விட்டு வந்திருக்கிறார். அந்தக் கடைசிச் சுற்றில், அவளுடைய கடைசிக் குளிர் காலை போய்விட்டது.

பச்சைத்தண்ணி பானெட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். இருபது வருஷச் சட்டத்தைக் காப்பாற்றினால் நாளைக்கு இவள் தோற்பாள். தோற்றதற்குக் காரணம் தன் கால் என்று சாகும்வரை நம்புவாள். சட்டத்தை உடைத்தால் இந்தக் கொட்டகையிலேயே ஒரு குடும்பம் தீப்பிடிக்கும். கடைசியில் ஒரு நடுவழி தோன்றியது.

"அம்மா, வண்டி இன்னிக்கும் சூடாத்தான் இருக்கு. இனிமே குளிர் கிடையாது. ஆனா இந்த வண்டியைக் குளிர்ல எடுத்த ஆள் யாரோ ஒருத்தர் இருக்கார். யாருன்னு நான் கேக்கல. எதுக்குன்னும் கேக்கல. அந்த ஆள் எனக்குச் சாட்சி மட்டும் சொன்னாப் போதும்."

லேப்காரம்மா அவரைப் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள். அவள் கண் கணவரின் சட்டைப் பையிலிருந்து கையில் இருந்த பால் பாக்கெட்டுக்கு இறங்கி, வாக்கிங் போகாத செருப்பின் உலர்ந்த குதிகாலில் போய் நின்றது.  

"எத்தனை தடவை அணையும்?" என்றார் பச்சைத்தண்ணி, யாரையும் பார்க்காமல்.

வீட்டுக்காரர் வாய் திறந்தார்.

"முதல்ல உடனே அணையும். ரெண்டாவது தடவை பத்து எண்ணற வரைக்கும் ஓடும். மூணாவது, நாலாவதுலதான் அணையாம ஓடும்."

"ஆக்ஸிலேட்டர்ல கால் வைப்பீங்களா?"

"வைக்கலேன்னா அணைஞ்சுடும்."

"கால் வச்சா எப்படி? இருமுதா, முக்குதா, இல்ல சுத்தமா எடுக்குதா?"

"சுத்தமா எடுக்கும். காலை எடுத்தாத்தான் விழும். மூணாவது தெரு திரும்பற வரைக்கும் காலை எடுக்கவே முடியாது."

இந்தக் கடைசி வரியைச் சொன்ன பிறகுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது.

லேப்காரம்மாவின் குரல் மிகவும் சின்னதாக வந்தது. "மூணாவது தெரு திரும்பற வரைக்குமா?"

"ஒரே ஒரு சுத்து..."

"ஆறு மாசமா என் காலைத் திட்டினீங்களே. என்கிட்ட அணைஞ்சதே இல்லேன்னீங்களே. செருப்பை வச்சு மிதிச்சுட்டிருந்தேனே, பார்த்துக்கிட்டுதானே இருந்தீங்க?"

"வண்டியில குறைன்னு சொன்னா, உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேப்பே."

 அவள் கையை மட்டும் நீட்டினாள். அவர் உள்பையிலிருந்து இரண்டாவது சாவியை எடுத்து அந்த உள்ளங்கையில் வைத்தார். அவள் அதைத் தன் வளையத்தில் மாட்டினாள். நகம் உடைந்தது, மாட்டிவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"திருடன் யாருன்னு தெரிஞ்சுதா அண்ணா?"

தெரிந்துவிட்டது. கால் வைத்தால் காற்று உள்ளே போகிறது, எஞ்சின் பிழைக்கிறது. காலை எடுத்தால் காற்று நிற்கிறது, சாகிறது. அப்படியென்றால் குளிரில் கால் இல்லாமலே காற்று விடுவதற்கென்று வைத்திருக்கும் ஆள் தூங்குகிறான். பச்சைத்தண்ணி மற்ற மூன்றையும் தொடவில்லை. எஞ்சினின் பக்கவாட்டில் இருந்த, எலுமிச்சம்பழ அளவு வால்வு ஒன்றை, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு மணி நேரம் செலவழித்து, நொறுங்காமல் கழற்றினார்.

"இதுக்குள்ள மெழுகு மாதிரி ஒண்ணு இருக்கும்மா. குளிர்ல சுருங்கி வழியைத் திறக்கணும், சூட்டுல விரிஞ்சு மூடணும். உங்க வீட்டுல ஃபிரிட்ஜ் இருக்கா?"

ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில், ஒரு பிளாஸ்டிக் உறைக்குள், அந்தக் கரிபிடித்த வால்வு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தது. சமையலறையில் மூன்று பேரும் ஃபிரிட்ஜைப் பார்த்தபடி நின்றார்கள். பிரசவ அறை வாசலில்கூட இவ்வளவு அமைதி இருக்காது. எடுத்துப் பார்த்தால் உறைந்துபோன நிலையிலும் வழி இறுக்கமாக மூடியிருந்தது.

"இதோ உங்க கால்" என்று அவளிடம் நீட்டினார்.

அவள் அந்தக் கரிக் கட்டியைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அழுவாள் என்று பச்சைத்தண்ணி எதிர்பார்த்தார். "இதையா ஆறு மாசமா மசாஜ் பண்ணிட்டிருந்தேன்?" என்றாள்.

மருந்து அடித்து, பிரஷால் தேய்த்து, பத்து வருஷக் கரியை வெளியே எடுத்து, மறுபடி ஃபிரிட்ஜில் வைத்தார். இந்தத் தடவை எடுத்தபோது ஓட்டை திறந்திருந்தது. அதன் வழியாகச் சமையலறை ஜன்னல் தெரிந்தது. வெந்நீர் டம்ளரில் போட்டதும் மெதுவாக மூடிக்கொண்டது. மாட்டி முடித்தார். வண்டி ஓடியது, ஆனால் அது சூட்டில் எப்போதுமே ஓடும். உண்மையான குளிரில் ஓடுமா என்பது நாளைக் காலை மைதானத்தில், அவள் உட்கார்ந்த பிறகுதான் தெரியும்.

"ஒண்ணே ஒண்ணு" என்றார் கிளம்பும்போது. "நாளைக்குத் திருப்பினதும் அது தானா சத்தம் போடும். பயந்துபோய்க் கால் வச்சுடாதீங்க. வச்சா வண்டி பாயும். அது தானா இறங்கற வரைக்கும் ஒண்ணும் செய்யாதீங்க."

"ஒண்ணும் செய்யாம இருக்கறதுக்கு எந்தச் செருப்புல பழகறது?" என்றாள்.

அன்று மாலை பச்சைத்தண்ணியே வண்டியை மைதானத்தில் கொண்டுபோய் விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு. கம்பி வேலிக்கு வெளியே பச்சைத்தண்ணியும் வீட்டுக்காரரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருந்தார்கள். வீட்டில் முந்தின நாளிலிருந்து யாரும் யாருடனும் பேசவில்லை என்பது வீட்டுக்காரரின் கசங்கிய சட்டையிலேயே தெரிந்தது. வண்டிகளின் கூரையில் பனி ஈரம். ஆய்வாளர் அட்டையுடன் அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

அவள் சாவியைத் திருப்பினாள். எஞ்சின் பற்றியது. ஒரு நொடி தயங்கியது. பச்சைத்தண்ணியின் விரல்கள் கம்பியை இறுக்கின. பிறகு அது தானாகவே குரலை உயர்த்தியது. உயர்த்தி, அங்கேயே நின்றது.

ஆய்வாளர் ஏதோ சொல்வது தெரிந்தது. அவள் கையை லேசாக உயர்த்தினாள். "கொஞ்சம் பொறுங்க சார், அது இறங்கட்டும்" என்றாளாம். அப்புறம் அவளே சொன்னது. ஆய்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் இரண்டு கையும் ஸ்டீயரிங்கில், கால் இரண்டும் தரையில், சிலை மாதிரி உட்கார்ந்திருந்தாள். ஒரு நிமிஷம். ஒன்றரை நிமிஷம். வேலிக்கு வெளியே இரண்டு ஆண்கள் அவளுக்காகக் கால் வைக்காமல் நின்றார்கள். சத்தம் மெல்ல இறங்க ஆரம்பித்தது. வண்டி நகர்ந்தது.

நகர்ந்து இடது பக்கம் திரும்பியது. அதே சமயம் வலதுபுறத்தில் ஒரு லாரி உறுமிக்கொண்டு நுழைந்தது; வேறு எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

"எங்க போச்சு?" என்றார் வீட்டுக்காரர். கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். வேலிக் கம்பத்தில் தோள் இடித்தது. "அணைஞ்சுடுச்சா? சொல்லுங்க. எனக்கு அந்தப் பக்கம் தெரியல."

அந்த ஒரு வாக்கியத்தை ஆறு மாதத்தில் அவர் யாரிடமும், மருத்துவரிடம்கூட, சொன்னதில்லை.

"ஓடுது சார். மேட்டுக்குப் போறாங்க."

"நிறுத்திட்டு எடுக்கணும். அங்கதான் போன தடவை..."

"நிறுத்திட்டாங்க."

"இப்போ?"

"நிக்குது. உருளல. எடுக்கறாங்க. எடுத்துட்டாங்க சார். ஏறிட்டாங்க."

வீட்டுக்காரர் கம்பத்தில் சாய்ந்துகொண்டார். வண்டி ஒரு சுற்று முடிந்து அவருடைய வலது பக்கத்துக்கு வந்தபோதுதான் அவரே பார்த்தார். பார்த்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வை என்று எழுதிக்கொள்வோம்.

ஆய்வாளர் அட்டையில் கையெழுத்துப் போட்டுக் கிழித்துக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். லேப்காரம்மா வண்டியை மைதான வாசலுக்கு ஓட்டி வந்து நிறுத்தினாள். முப்பது வருஷப் பழக்கம், வீட்டுக்காரர் நேராக ஓட்டுநர் பக்கக் கதவுக்குப் போய்க் கைப்பிடியில் கை வைத்தார். வைத்த பிறகு நினைவு வந்தது. கையை எடுத்துக்கொண்டு, பானெட்டைத் தடவியபடியே மறுபக்கம் சுற்றி நடந்தார்.

அவள் ஒரு நாளாகப் பேசாமல் வைத்திருந்ததை அப்போதுதான் பேசினாள். "ஏறுங்க. வாக்கிங் போனதெல்லாம் போதும்."

ஏறினார். அவள் கியரைப் போட்டு, கிளட்சை விட்டாள். வண்டி ஒரு துள்ளு துள்ளி, பொட்டென்று அணைந்தது.

 வால்வா? மெழுகா? பச்சைத்தண்ணியின் கை கருவிப் பெட்டியைத் திறக்கப் போயிற்று. ஜன்னலுக்கு வெளியே தலை நீட்டிய லேப்காரம்மாவின் முகம் முழுக்கச் சிரிப்பு.

"பெட்டியை மூடுங்கண்ணா! இது வண்டி இல்ல, என் கால்!"